150-ஐ 250 ஆக்கச் சொன்னால் ஆணையம் எதைப் பார்க்கும்?

கேள்வி: பழச்சாறு கலந்த, வாயு ஏற்றாத பானம் தயாரிக்கும் சிறு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் வகை பானத்துக்கு, கெடாமல் காக்கச் சேர்க்கும் பென்சோயேட்டின் உச்ச வரம்பு கிலோவுக்கு 150 மி.கி. சில தொகுதிகளில் ஈஸ்ட் பிடித்து பாட்டில்கள் உப்பிப்போகின்றன. அதனால் வரம்பை 250 ஆக உயர்த்தும்படி உணவு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு விண்ணப்பித்தோம். ஆறு மாத இருப்புச் சோதனை அறிக்கையை இணைத்தோம். வேறு சில நாடுகளில் 250 வரை அனுமதி உண்டு என்பதையும் காட்டினோம். இப்போது கூடுதல் தரவு கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது: குழந்தைகளின் உட்கொள்ளல், மாற்று வழிகள், பென்சீன் என்று மூன்று தலைப்புகள். எங்கள் பானத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4.5, வைட்டமின் சி சேர்க்கிறோம். எங்கள் பொருள் பாதுகாப்பானது என்று காட்டிய பிறகும் ஏன் இத்தனை கேள்விகள்? பொதுமக்கள் கருத்துக் கேட்பின்போது வாடிக்கையாளர்களிடமும் விற்பனையாளர்களிடமும் ஆதரவுக் கடிதம் வாங்கி அனுப்பினால் உதவுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஆணையம் உங்கள் பானத்தை மதிப்பிடவில்லை. உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டால் அந்த வகையில் பானம் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் 250 வரை சேர்க்கலாம். அப்படி எல்லோரும் சேர்த்தால், அதிகம் குடிக்கும் ஒருவரின் உடலில் மொத்தமாக எவ்வளவு போய்ச் சேரும், அந்த அளவுக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்பதுதான் அவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி. உங்களுக்கு வந்திருக்கும் மூன்று தலைப்புகளும் இதிலிருந்தே கிளைத்தவை. உங்கள் இருப்புச் சோதனை இதில் எதற்கும் பதில் சொல்லவில்லை.

முதலில் உட்கொள்ளல். இதற்கு அடிப்படை ஏற்கத்தக்க தினசரி அளவு. ஏடிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் குறிப்பிடத்தக்க தீங்கு வராது என்று கருதப்படும் அளவு அது. உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மி.கி. என்று தரப்படும். விலங்குச் சோதனையில் தீய விளைவு காணப்படாத மிக உயர்ந்த அளவை எடுத்து, வழக்கமாக 100-ஆல் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு 10.

பென்சோயேட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் மறு ஆய்வு செய்து, 500 மி.கி. என்ற விளைவில்லா அளவை 100-ஆல் வகுத்து, ஏடிஐயை 5 என்றே வைத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவான ஜெக்ஃபா 2021-இல் அதை 20 ஆக உயர்த்தியது. அந்தக் குழு 1000 மி.கி.யை விளைவில்லா அளவாக எடுத்துக்கொண்டது. பென்சோயேட் மனித உடலில் எப்படி வெளியேறுகிறது என்பதற்குத் தனித் தரவு இருந்ததால் வகுக்கும் எண்ணை 100-இலிருந்து 50 ஆகக் குறைத்தது. ஒரே பொருள், நான்கு மடங்கு வித்தியாசம். உங்கள் ஆணையம் இந்த இரண்டில் எதைப் பின்பற்றுகிறது என்பதை முதல் வேலையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தின் தலையெழுத்தில் பாதி அதில் இருக்கிறது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள குழந்தை. ஏடிஐ 5 என்றால் அதன் ஒரு நாள் எல்லை 75 மி.கி. உங்கள் வகை பானத்தில் 300 மி.லி. குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 வரம்பில் 45 மி.கி. உள்ளே போகும். 250 வரம்பில் 75 மி.கி.; அந்த ஒரு பானத்திலேயே எல்லை நிரம்பிவிடுகிறது. சாஸ், ஜாம், சாலட் மேல் ஊற்றும் கலவைகள் என்று பென்சோயேட் அனுமதிக்கப்பட்ட மற்ற உணவுகளுக்கு ஒரு மி.கி. கூட இடம் இல்லை. அதே குழந்தைக்கு ஏடிஐ 20 என்றால் எல்லை 300 மி.கி.; 75 என்பது கால் பங்கு. 60 கிலோ பெரியவருக்கு, 5-ஐ எடுத்தாலும் எல்லை 300 மி.கி. ஆகவே பிரச்சினை எப்போதும் குழந்தையிடம்தான் வந்து நிற்கும். உங்களிடம் குழந்தைகளைப் பற்றித் தனியாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆணையத்தின் கணக்கு இதைவிட நுணுக்கமாக இருக்கும். தேசிய உணவு உட்கொள்ளல் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் சாப்பிட்ட உணவுகளின் அளவை, அந்தந்த உணவின் வரம்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, உடல் எடையால் வகுப்பார்கள். பிறகு சராசரியைப் பார்ப்பதோடு விடாமல், வரிசையில் 95-ஆவது விழுக்காட்டில் நிற்கும் அதிக உட்கொள்வோரை எடுத்துக்கொள்வார்கள். முதல் சுற்றில் எல்லா உற்பத்தியாளரும் உச்ச வரம்பு வரை சேர்ப்பதாகவே வைத்துக்கொள்வார்கள். அதில் எல்லை தாண்டினால்தான் இரண்டாவது சுற்று: சந்தையில் உண்மையில் எவ்வளவு சேர்க்கிறார்கள், அந்த வகையில் எத்தனை பங்கு பொருள்களில் பென்சோயேட்டே இல்லை என்ற தகவலை வைத்து மறுபடி கணக்கிடுவார்கள்.

இந்த இரண்டாவது சுற்றுக்கான தகவல் ஆணையத்திடம் பெரும்பாலும் இருக்காது. தொழில்துறையிடம்தான் இருக்கும். நீங்களும் உங்கள் சங்கமும் இதைத் திரட்டிக் கொடுத்தால் அதன் மதிப்புக்கு நூறு ஆதரவுக் கடிதங்கள்கூட ஈடாகாது. கொடுக்கும்போது அலகில் தவறாதீர்கள். வரம்பு பென்சாயிக் அமிலமாகக் கணக்கிடப்படுவதே வழக்கம். நீங்கள் தொட்டியில் போடுவது சோடியம் பென்சோயேட். ஒரு கிராம் சோடியம் பென்சோயேட்டில் சுமார் 0.85 கிராம்தான் பென்சாயிக் அமிலம். 250 மி.கி. அமில வரம்புக்கு நீங்கள் போடக்கூடியது ஏறத்தாழ 295 மி.கி. உப்பு. விண்ணப்பத்தின் ஒரு பக்கத்தில் உப்பின் அளவும் இன்னொரு பக்கத்தில் அமிலத்தின் அளவும் கலந்து கிடந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாமல் போகும், முழுக் கோப்பும் திரும்பி வரும்.

ஒரு நாள் அல்லது இரண்டு நாள் சாப்பிட்டதை மட்டும் நினைவுகூர்ந்து சொல்லும் கணக்கெடுப்பாக இருந்தால், அது நீண்டகாலப் பழக்கத்தைவிட அதிகமாகக் காட்டும். அன்று ஒரு லிட்டர் குடித்தவர் தினமும் ஒரு லிட்டர் குடிக்கமாட்டார். இதைச் சுட்டிக்காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரே பிராண்டை விடாமல் வாங்கும் குடும்பத்தையும் ஆணையம் கணக்கில் கொள்ளும்; உங்கள் சந்தைப் பங்கு மிகச் சிறியது என்ற வாதம் அங்கே எடுபடாது.

அடுத்தது மாற்று வழிகள். உங்கள் விண்ணப்பம் மிகவும் பலவீனமாக இருப்பது இங்கேதான். சர்வதேச உணவுத் தரநிலை அமைப்பான கோடெக்ஸின் உணவுச் சேர்க்கைகளுக்கான பொதுத் தரநிலை தெளிவாகச் சொல்கிறது: பொருளாதார ரீதியிலும் தொழில்நுட்ப ரீதியிலும் நடைமுறைக்கு ஒத்துவரும் வேறு வழியில் அதே பயன் கிடைக்காதபோதுதான் சேர்க்கையை நியாயப்படுத்த முடியும். பெரும்பாலான நாடுகளின் சட்டங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இதே நிபந்தனை இருக்கிறது. பாதுகாப்பு ஒரு வாசல், தேவை இன்னொரு வாசல். ஒன்றைத் தாண்டியதால் மற்றது திறந்துவிடாது.

உங்கள் பிஎச் 4.5 என்பதைப் பார்த்ததுமே ஒரு மதிப்பீட்டாளர் பென்சிலைக் கையில் எடுப்பார். பென்சாயிக் அமிலம் அயனிகளாகப் பிரியாத நிலையில் இருக்கும்போதுதான் ஈஸ்ட் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும். அதன் பிகேஏ 4.2; அந்த பிஎச்சில் பாதி பிரியாமல் இருக்கும். 4.5-இல் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது நீங்கள் போடும் 150 மி.கி.யில் வேலை செய்வது சுமார் 50. 250 போட்டால் சுமார் 83. இப்போது அளவை 150-இலேயே வைத்து, பிஎச்சை மட்டும் 3.8-க்கு இறக்குங்கள். பிரியாத பங்கு 71 விழுக்காடு ஆகிவிடும். வேலை செய்யும் அளவு சுமார் 107. வரம்பை உயர்த்திக் கிடைப்பதைவிட, வரம்பைத் தொடாமலே அதிகம் கிடைக்கிறது. இந்தக் கணக்கை ஆணையம் உங்களுக்கு எழுதி அனுப்புவதற்கு முன்பு நீங்களே செய்து பார்த்திருக்க வேண்டும்.

பிஎச்சை இறக்குவது சொல்வதுபோல் எளிதல்ல என்பதும் உண்மை. பழச்சாற்றிலுள்ள தாது உப்புகள் பிஎச்சை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் சிட்ரிக் அல்லது மாலிக் அமிலம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்துதான் சொல்ல முடியும். புளிப்பு ஏறும், இனிப்போடு அதன் விகிதம் குலையும். 3.8 வாய்க்கு ஒவ்வவில்லை என்றால், 4.2, 4.0, 3.8 ஆகிய மூன்றிலும் செய்த சுவைச் சோதனை முடிவுகளைத் தாருங்கள். ‘சுவை மாறும்’ என்ற ஒற்றை வாக்கியத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். இன்னொன்று: 4.5 என்பது, கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளரத் தொடங்கும் எல்லையான 4.6-க்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு தொகுதியில் அமிலம் சற்றுக் குறைந்தாலே தாண்டிவிடும். பென்சோயேட் கேள்வி ஒருபுறம் இருக்க, இதற்காகவே பிஎச்சை இறக்குவது நல்லது.

சார்பேட்டையும் எண்ணிப் பாருங்கள். சார்பிக் அமிலத்தின் பிகேஏ 4.76. அதனால் 4.5-இல் கூட ஏறத்தாழ 65 விழுக்காடு பிரியாமல் இருக்கும். உங்கள் வகையில் அதற்கு அனுமதி இருக்கிறதா, இரண்டையும் சேர்த்தால் கூட்டு வரம்பு என்ன என்று பாருங்கள். சூடாக நிரப்புதல், பாஸ்டரைசேஷன், நுண்வடிகட்டல் ஆகியவற்றுக்கும் இதே முறைதான்: ஏன் முடியாது என்பதை எண்களோடு சொல்லுங்கள். உங்கள் பாட்டில் எந்த வெப்பத்தில் சுருங்குகிறது, அந்த வெப்பத்தில் எந்த மணம் எவ்வளவு போகிறது, கருவிக்கு ஆகும் செலவு ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.

கெட்டுப்போவதற்கான காரணத்தையும் ஆணையம் தோண்டும். பிரிசர்வேட்டிவ் கலந்த பானங்கள் உப்பும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது சைகோசாக்கரோமைசஸ் பெய்லி என்ற ஈஸ்ட். பென்சோயேட், சார்பேட் இரண்டையும் தாங்கி வளரும் வகை அது. பழகிவிட்டால் 250-இலும் வளரக்கூடும். நிரப்பும் இயந்திரத்தின் முனைகளிலும் சர்க்கரைப் பாகுத் தொட்டியின் மூலைகளிலும் அது குடியிருக்கும். உப்பிய பாட்டிலிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்து அடையாளம் கண்டீர்களா? இல்லையென்றால் ‘இது சுகாதாரக் குறையை மறைக்கச் சேர்க்கை கேட்கும் விண்ணப்பம்’ என்ற ஐயம் மதிப்பீட்டாளருக்கு வரும். அந்த ஐயம் நியாயமானதுதான்.

இதனால்தான் உங்கள் ஆறு மாத இருப்புச் சோதனைக்கு எடை இல்லை. கிருமி இல்லாமல் நிரப்பிய பாட்டில் ஆறு மாதம் நன்றாக இருந்தது என்றால், அந்தப் பாட்டிலில் கிருமி இல்லை என்று மட்டுமே பொருள். கிருமியை வேண்டுமென்றே செலுத்திப் பார்க்கும் சோதனை வேண்டும். உங்கள் ஆலையிலிருந்தே பிரித்தெடுத்த ஈஸ்ட்டை, பென்சோயேட்டுக்குப் பழக்கி, மில்லிக்கு 10 முதல் 100 செல்கள் என்ற அளவில் செலுத்துங்கள். பூஜ்யம், 150, 200, 250 ஆகிய அளவுகளில், குறைந்தது இரண்டு பிஎச்களில், ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டிலுக்குக் குறையாமல் வையுங்கள். 200 ஏன் என்றால், 150 போதவில்லை, 250 போதும் என்று காட்டினாலும் நடுவில் உள்ளது போதுமா என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும். தேவையான பயனைத் தரும் மிகக் குறைந்த அளவுக்குத்தான் அனுமதி கிடைக்கும்.

பென்சீன் விஷயத்துக்கு வருவோம். இதில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன், ஏனென்றால் இது காகிதப் பிரச்சினை அல்ல. பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பாட்டிலில் இருந்து, தண்ணீரில் இரும்போ தாமிரமோ சிறிதளவு இருந்து, வெப்பமும் ஒளியும் பட்டால் பென்சீன் உருவாகும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மரபணுவைப் பாதிக்கும் தன்மை இருப்பதால் அதற்கு ஏடிஐ என்ற பாதுகாப்பு எல்லையே வகுப்பதில்லை. முடிந்தவரை குறைக்க வேண்டும் என்பதே கொள்கை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பானங்களுக்குத் தனி வரம்பு இல்லாத இடங்களில் குடிநீர் மதிப்பையே அளவுகோலாக எடுத்துப் பார்ப்பதுண்டு.

உங்கள் பானத்தில் வைட்டமின் சி எதற்காக இருக்கிறது? நிறம் மங்காமல் இருக்க என்றால் அதற்கு வேறு வழிகள் உண்டு. அதை எடுத்துவிடுவதே சிறந்தது. லேபிளில் சொல்லும் ஊட்டச்சத்துக்காக என்றால் எடுக்க முடியாது. பழச்சாற்றிலேயே இயல்பாக உள்ளதையும் கணக்கில் சேருங்கள். இரும்பையும் தாமிரத்தையும் கட்டிவைக்கும் ஈடிடிஏ போன்ற பொருள் உங்கள் வகையில் அனுமதிக்கப்பட்டிருந்தால் அது பென்சீன் உருவாவதைக் குறைக்கும். கவனம்: பிஎச் இறங்கும்போது இந்த வினைக்கு வசதி கூடுகிறது. மேலே நான் சொன்னபடி பிஎச்சை 3.8-க்குக் கொண்டுவந்தால் அந்தப் புதிய கலவையில்தான் பென்சீனை அளக்க வேண்டும். பழைய கலவையின் அறிக்கை செல்லாது. புதிதாகத் தயாரித்த பாட்டிலை அளந்து ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவதால் பயனில்லை. உங்கள் பொருள் கடைகளில் சந்திக்கக்கூடிய மிக அதிக வெப்பத்தில், ஒளி படும்படி வைத்து, ஆயுட்காலத்தின் முடிவில் அளந்த எண்ணும், அந்த முறையால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவும் வேண்டும்.

‘வேறு நாடுகளில் அனுமதி உண்டு’ என்ற வாதம் ஓரளவுதான் உதவும். அந்த நாடுகள் நச்சியல் தரவை ஆராய்ந்திருக்கின்றன என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே மக்கள் எவ்வளவு குடிக்கிறார்கள், வேறு எந்த உணவுகளில் பென்சோயேட் அனுமதி என்பது வேறு. உட்கொள்ளல் கணக்கை இறக்குமதி செய்ய முடியாது.

ஆதரவுக் கடிதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாசகத்தில் வந்த முந்நூறு கடிதங்களை ஒரே கருத்தாகத் தொகுத்து ஒரு வரியில் பதில் எழுதிவிடுவார்கள். ஒரு விற்பனையாளர் தன் கடையில் எந்த மாதங்களில், எந்த வெப்பத்தில், நூற்றுக்கு எத்தனை பாட்டில் திரும்பி வந்தன என்று எழுதினால் அது தரவு. அப்படிப்பட்டவை கிடைத்தால் அனுப்புங்கள். ரகசியம் என்று முத்திரையிட்டால் வெளிப்படையாக விவாதிக்க முடியாது. ஆகவே துல்லியமான எண்ணை ரகசியமாகவும், ஒரு வீச்சைப் பொதுவாகவும் கொடுங்கள்.

எதிர்ப்புக் கருத்துகளும் வரும். 2007-இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டனில் நடந்த, செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்து குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களின் துறுதுறுப்பு மிகுகிறதா என்று பார்த்த ஆய்வை யாராவது நிச்சயம் மேற்கோள் காட்டுவார்கள். அதைப் புறக்கணிக்காமல் நேராகப் பதில் சொல்லுங்கள். கலவையாகக் கொடுத்ததால் எந்தப் பொருளின் விளைவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் ஆராய்ந்து, ஏடிஐகளை மாற்ற அது போதாது என்றது. பின்னர் ஐரோப்பாவில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது, பென்சோயேட்டுக்கு ஆகவில்லை. பெற்றோர்களின் கவலை உண்மையானது. அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள்.

இப்போதைய வடிவில் உங்கள் விண்ணப்பம் நிற்காது என்றே நினைக்கிறேன். பிஎச்சை இறக்கி, ஆலைச் சுகாதாரத்தைச் சரிசெய்து, செலுத்துச் சோதனை செய்த பிறகும் 150 போதவில்லை என்றால் கோரிக்கையைக் குறுக்குங்கள். முழு வகைக்கும் 250 கேட்காமல், பழச்சாறு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் உள்ள, வைட்டமின் சி சேர்க்காத, சூடாக நிரப்ப முடியாத பானங்களுக்கு மட்டும் 200 என்று கேட்டால் கணக்கில் சேரும் லிட்டர்கள் குறையும், குழந்தையின் எண்ணும் இறங்கும். ஆணையங்கள் ஆம், இல்லை என்ற இரண்டோடு நிற்பதில்லை. திருத்திய அளவு, நிபந்தனை, சில ஆண்டுகளில் மறு ஆய்வு என்றெல்லாம் முடிவெடுக்கும். அந்த நடுவழியை நீங்களே முன்மொழிந்தால் நேரம் மிச்சமாகும்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, தரவு கேட்ட நாளிலிருந்து பல ஆணையங்கள் கடிகாரத்தை நிறுத்திவைக்கும். தேதிக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வதும் உண்டு. செலுத்துச் சோதனைக்கும் ஆயுட்கால பென்சீன் சோதனைக்கும் மாதங்கள் ஆகும். எனவே இந்த வாரமே சோதனைத் திட்டத்தை எழுதி அனுப்பி, அவகாசம் கேளுங்கள். சோதனையைத் தொடங்கும் முன் திட்டத்தை அவர்களிடம் காட்டினால், பாட்டில் எண்ணிக்கையோ வெப்பநிலையோ போதாது என்று பின்னால் சொல்ல இடமிருக்காது. எல்லாம் கூடிவந்தாலும், வரைவு வெளியானபின் உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்துப் பிற நாடுகளின் கருத்துக்கு வழக்கமாக 60 நாள் விடுவார்கள். புதிய வரம்பு அரசிதழில் வரும்வரை 150-ஐத் தாண்டிய ஒரு தொகுதிகூட ஆலையை விட்டு வெளியே போகக்கூடாது. சோதனைக்காகத் தயாரித்த 200, 250 பாட்டில்களைத் தனியாகப் பூட்டி, ஒவ்வொன்றிலும் அளவைக் குறித்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.